ஏரோது வேஷம்

லூர்துபிரகாஷ் நல்லவன். இதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுக்குச் சுத்தமாக இல்லை. உழவர்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் காமர்ஸ் வாத்தியார், பங்குக் கோயிலில் இளைஞர் மன்றத் தலைவர். ரத்த தானம், மரம் நடுதல், கொசு ஒழிப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பான். ஆகவே மண்டபம் அகதி முகாமிலிருந்து சில இலங்கைக் குடும்பங்கள் அந்தப் பக்கம் வாடகைக்கு வந்து, அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியோடும் ஊரோடும் ஒட்டவைக்க 'அரவணைப்புக் குழு' என்று ஒன்றைப் பங்கில் தொடங்கியபோது, செயலாளர் பதவிக்கு வேறு பெயரே அடிபடவில்லை.

குழு அரவணைக்கத் தொடங்கியது. கண்ணில் பட்ட பிள்ளையை எல்லாம் அரவணைத்தது. மேடை போட்டு ஸ்கூல் பேக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு சங்கம் வந்தது, அவர்களும் பேக்தான் கொண்டுவந்தார்கள். நகைக்கடைக்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தை ஒட்டிக் கொடுத்ததும் அதேதான். ஒவ்வொரு தடவையும் போட்டோவில் முன்வரிசைக்கு நிறுத்தப்பட்டவள் றொஷாந்தி. பதினொன்றாம் வகுப்பு, இலங்கையில் பேசாலைக்காரி. அங்கே பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் அம்மாவோடு படகேறி வந்தவள். பெயரை 'ற' போட்டுத்தான் எழுதுவாள். ற-வில் ஒரு சொல் தொடங்கவே தொடங்காது என்று தமிழ் ஐயா சிவப்பு மையால் திருத்தினார். அவள் தலையாட்டினாள், மறுநாளும் அப்படியே எழுதினாள். அதைத் தவிர யாரோடும் அவளுக்கு எந்தப் பிணக்கும் இல்லை. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். "ரொம்ப அடக்கமான பொண்ணு, சூப்பரா செட் ஆயிட்டா" என்று பிரகாஷ் குழுக் கூட்டத்தில் சொன்னான், எல்லோரும் கை தட்டினார்கள்.

நாலாவது பேக்குக்குக் கூப்பிட்டபோதுதான் அவள் முதன்முதலாக அவனிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள். "சேர், எனக்கு இருக்கிறது ஒரு முதுகுதான்."

அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான் பிரகாஷ்.

டிசம்பர் வந்தது. கோயில் மைதானத்தில் வருஷா வருஷம் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இந்த வருஷம் அவன் மூளையில் பெரிய யோசனை ஒன்று உதித்தது, இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது. பச்சைக் குழந்தைகளை வெட்டச் சொன்ன ஏரோது ராஜாவுக்குப் பயந்து மாதாவும் சூசையப்பரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்களே, அவர்களும் அகதிகள்தானே. நிஜ அகதிப் பிள்ளைகளையே அந்த வேஷத்தில் ஏற்றிவிட்டால்? பின்னால் ஹாரன் அடித்தது அவன் காதில் விழவில்லை. குழுவில் சொன்னதும் ஒரு அம்மாள் அப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீஃப் கெஸ்டாக வரவிருந்த தொழிலதிபருக்குப் போன் போட்டு, மாதாவாக வருபவள் நிஜமாகவே கடல் தாண்டி வந்த பெண் என்று சொல்லியாயிற்று. சூசையப்பர் வேஷத்துக்கு முகாமிலிருந்து வந்த இன்னொரு பையன் சம்மதித்துவிட்டான். எதற்கும் சம்மதிக்கிற பையன் அவன்.

கழுதை தயாராக இருந்தது. ஓடாத மொபெட் ஒன்றுக்குச் சாம்பல் நிறப் போர்வை போர்த்தி, அட்டையில் தலை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒத்திகைக்கு வந்த றொஷாந்தி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எனக்கு மாதா வேண்டாம் சேர். ஏரோது தாங்கோ."

பிரகாஷ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஏரோது ஆம்பளை, கொடுங்கோலன், மீசை உண்டு என்று விளக்கினான். பேக்கரி மரிய அருண் அண்ணனுக்கும் மீசை ஒட்டுகிறதுதானே என்றாள் அவள். மரிய அருண் பத்து வருஷமாக ஏரோது. தொப்பை வந்தபிறகு ராஜ உடையில் கிரீடம் மட்டும்தான் அவனுக்குச் சரியாக இருந்தது, ஆனாலும் பதவியை விடவில்லை.

"நீ மாதாவா வந்தா பாக்குறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்மா" என்று பிரகாஷ் கெஞ்சினான்.

"அவைக்கு அழவேணுமெண்டா வீட்டில இருந்து அழட்டும். இதில மாதாவுக்கு ஒரு வசனமும் இல்லை. நான் கழுதையில வந்தனான் இல்லை சேர், படகில வந்தனான். கழுதையில இருக்க உங்கட ஆக்களே போதும்."

பிரகாஷுக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு செய்தும் இப்படியா என்று மனசுக்குள் புழுங்கினான். அவள் அம்மாவிடம் சொல்லி வழிக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற அந்த அம்மா, அன்று லீவு என்பதால் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டார், பிளேன் டீ கொடுத்தார். பிரகாஷ் நடந்ததைச் சொன்னான்; கழுதை விஷயத்தையும் விடவில்லை.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களோட சண்டை பிடிச்சவளோ? உண்மையாத்தானோ சேர்?"

கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவன் சமாளிக்கப் பார்த்தான். அவரோ இன்னும் என்னென்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்.

"கோவிக்காதேங்கோ சேர். அவள் ஊரில பெரிய வாயாடி. படகால இறங்கின நாள் துவக்கம் ஆர் என்ன சொன்னாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுவாள். நீங்களெல்லாம் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் கூடிச்சுது. இப்பதான் சேர் என்ட பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறாள்."

இன்னொரு டீ வந்தது. அதைக் குடித்துவிட்டுத் திரும்பிய பிரகாஷ், மூலக்குளத்தில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வில்லியனூர் வரைக்கும் போய்விட்டான். பள்ளியில் சேர்ந்த ஆறு மாதமாக ஒரு பெண் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அதற்குத் தான் கூட்டம் போட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறோம் என்பது அவனுக்குச் செமிக்கவே இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில், ஏரோது வேஷத்தை அந்தப் பெண்ணுக்கே கொடுக்கலாம் என்று அவனே எழுந்து சொன்னான். ரகளையாகிவிட்டது. அகதி வந்து குழந்தைகளை வெட்டச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். மரிய அருண் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் குழுத் தலைவர் முசியே சூசை தொண்டையைச் செருமினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கூட்டங்களில் பெரும்பாலும் தூங்குவார்.

"நான் துலூஸ்ல இருந்தப்ப அங்கயும் கிறிஸ்மஸ் நாடகம் உண்டு. மொத வருஷமே என்னக் கூப்புட்டாங்க. எனக்குப் பெரும தாங்கல. போனா, கொழந்தையப் பாக்க வர்ற மூணு ராசாவுல கருப்பு ராசா. அடுத்த வருஷமும் கருப்பு ராசா. ஊருக்குத் திரும்புற வரிக்கும் அதான். நானும் மெர்சி மெர்சின்னு நன்றி சொல்லிட்டு காணிக்க டப்பாவத் தூக்கிக்கினு நின்னேன். வேற வேஷம் கேக்கலாம்னு புத்தியில ஒறைக்கவே இல்ல. இந்தப் பொண்ணுக்கு ஒறச்சிருக்கு. குடுத்துடுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

மரிய அருணைப் படைத்தளபதி ஆக்கிச் சமாதானப்படுத்தினார்கள். மாதா வேஷம் ஜாஸ்லினுக்குப் போனது. அவள் றொஷாந்தியின் வகுப்புதான், பக்கத்துத் தெருக்காரி.

நாடகத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. மீசையும் கிரீடமுமாக றொஷாந்தி சிம்மாசனத்தில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த தோரணையில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. கிழக்கிலிருந்து மூன்று ராஜாக்கள் வந்து வணங்கினார்கள். பிறந்திருக்கும் ராஜா எங்கே என்று ஏரோது கேட்க வேண்டும், அவ்வளவுதான் வசனம். றொஷாந்தி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிழக்கெண்டா எந்தக் கிழக்கு? என்னத்தில வந்தனீங்கள்? ஆர் அனுப்பினது? நட்சத்திரம் கூட்டிவந்ததெண்டா, நட்சத்திரத்திட்ட என்ன கார்டு இருக்கு? எப்ப திரும்பிப் போறீங்கள்?"

மூன்றாவது ராஜாவாக நின்ற புருஷோத்தமனுக்கு நாடகத்தில் வசனமே கிடையாது. ஏரோதின் விரல் அவன் பக்கம் நீண்டதும் வெலவெலத்துப்போய், "மூலக்குளம்ங்க" என்றான்.

மைதானம் அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் பிரகாஷும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். ஊர்க்காரர்கள் புருஷோத்தமனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இலங்கைக் குடும்பங்களோ ஒவ்வொரு கேள்வியும் முடிவதற்கு முன்னாலேயே சிரித்தார்கள். அடுத்த கேள்வி என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. றொஷாந்தியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிரகாஷின் சிரிப்பு பாதியில் நின்றது, பிறகு வேறு மாதிரி திரும்பவும் வந்தது.

மொபெட் கழுதையில் ஜாஸ்லின் மேடையைக் கடந்தபோது சீஃப் கெஸ்ட் கர்சீப்பை எடுத்தார். நாடகம் முடிந்ததும் நேராக மேடையேறி, ஜாஸ்லினுக்குப் பொன்னாடை போர்த்தி, கடல் கடந்து வந்த இந்தக் குழந்தையின் கண்ணில் எத்தனை சோகம் பாருங்கள் என்று மைக்கில் உருகினார். வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போயிராத ஜாஸ்லின் திருதிருவென்று விழித்தாள். கீழே அவளுடைய அப்பா எழுந்து நின்றுவிட்டார். பிரகாஷ் மைக்கைப் பிடுங்க ஓடுவதற்குள், மீசையைக் கழற்றாத ஏரோது பக்கத்தில் வந்து பணிவாகச் சொன்னாள்.

"ஓம் ஐயா, சரியாக் கஷ்டப்பட்டவள். ஒண்டும் கதைக்க மாட்டாள்."

அன்றிலிருந்து ஜாஸ்லினும் அவளும் ஒன்றாகத்தான் திரிந்தார்கள். பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரை அவளை ஏரோதக்கா என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேன் டிரைவரும் அப்படியே. அவளும் திரும்பிப் பார்த்தாள். தமிழ் ஐயா ற-வை மட்டும் விட்டபாடில்லை. இப்போது அவள் எதிர்வாதம் பண்ணினாள், அவருக்கும் பொழுது போனது.

ஜனவரி கடைசியில் ஒருநாள் பிரகாஷ் இரண்டாவது மாடி வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது வகுப்புக்கு வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். பாடம் நடக்கும்போது வாய் ஓயாமல் பேசியதற்குத் தண்டனை. வாத்தியார் என்கிற முறையில் அவன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டான். உதடு ஒத்துழைக்கவில்லை.

"என்ன, வெளிய நின்னும் பேச்சா?" என்றான்.

"ஓம் சார்" என்றாள் ஜாஸ்லின்.

றொஷாந்தி அவனை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் போங்கோ சேர், நாங்கள் முக்கியமான கதை ஒண்டு கதைச்சுக்கொண்டு இருக்கிறம்" என்றாள்.

பிரகாஷ் போனான்.