யார் பெயரில் கேட்டாள்

“என் ஃபைலெல்லாம் எங்க கிடக்குன்னு எனக்கே தெரியாது. உன் புரோகிராமுக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்று அண்ணி ஒரு நாள் கேட்டாள்.

அண்ணி என்றால் சின்னவளுடைய கணவனின் அக்கா. செயற்கைக் கால் செய்யும் பட்டறையில், மிச்சமிருக்கும் கால் உட்காரும் கிண்ணத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பவள். தம்பி மனைவியான சின்னவளுக்கு அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

சின்னவள் கொஞ்சம் மிதப்பாகவே பதில் சொன்னாள். டாகுமெண்ட்ஸ், டெஸ்க்டாப், படங்கள் என்று ஆளுக்கு ஆள் இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலர் வேறு டிஸ்குக்கு மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் அவள் எந்த இடத்தையும் தானே எழுதி வைக்கவில்லை. இந்த ஆளின் ஃபோல்டர் எங்கே என்று அவளுடைய புரோகிராம் கம்ப்யூட்டரையே கேட்கும். அது காட்டும் இடத்திலிருந்து ஃபைல்களை நகலெடுத்து சர்வரில் சேர்க்கும்.

பழைய கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்து விற்கும் நாள் வந்தது. முந்தின நாளே புரோகிராம் எல்லாவற்றிலும் ஓடி முடித்துப் பச்சை டிக் போட்டிருந்தது. துடைக்க வெளியிலிருந்து வந்தவருக்குப் பட்டறையில் எமதூதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எருமையை வாசலில் கட்டியிருப்பதாகச் சொன்னார்.

முன்னறையில் ஒரு காவலாளி காத்திருந்தார். காவலாளி ஆகப்போகிறவர் என்பதுதான் சரி. மறுநாள் காலை கிடங்கில் செயற்கைக் காலோடு நடந்து காட்டினால்தான் அந்த வேலை. மாதக்கணக்காக வந்து, சோதனைக் கிண்ணத்தை மாட்டி நடந்து, உறுத்தும் இடத்தை அவர் தொட்டுக் காட்டக் காட்ட, அண்ணி மயிரிழை மயிரிழையாகத் திருத்தியிருந்தாள். சோதனைக் கிண்ணங்களை அவ்வப்போது உருக்கிவிடுவார்கள். மிஞ்சியது அந்த ஒரு ஃபைல்தான். அதை, கிண்ணத்தைக் கடைந்தெடுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பச் சொன்னாள் அண்ணி.

சின்னவள் சர்வரில் அண்ணியின் ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே பிரிண்டரை எப்படிப் பொருத்துவது என்ற விளக்கக் கையேடு மட்டும் இருந்தது. பக்கத்து ஆளின் ஃபோல்டரிலும் அதே கையேடு. அடுத்ததிலும் அதுவே.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொருவரிடமும் பாஸ்வேர்டு கேட்டு அலையச் சோம்பல்பட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அட்மின் கணக்கில் நுழைந்துதான் புரோகிராமை ஓடவிட்டிருந்தாள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கேட்டது அட்மின், அட்மினின் ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டது. அதில் இருந்தது அந்தக் கையேடு மட்டும்தான்.

மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடினாள். அண்ணியின் பழைய கம்ப்யூட்டரில் துடைத்த அளவைக் காட்டும் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

“நிறுத்துங்க.”

“பச்சை டிக் இருக்கே தங்கச்சி. நீங்க போட்டதுதானே?”

சின்னவள் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சத்தம் கேட்டு அண்ணி வந்தாள். நடந்ததைச் சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

எமதூதர்தான் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடினார். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் எழுந்தன. காவலாளியின் பெயரும் வந்தது. அண்ணி எமதூதரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

திறந்தார். வெறும் சாம்பல் நிறத் திரை. மறுபடி மூடித் திறந்தார்.

“பேருதான் தப்பிச்சிருக்கு,” என்றார்.

முதலிலிருந்து அளவெடுத்தால் எத்தனை நாளாகும் என்று சின்னவள் கேட்டாள். நாள் கணக்கு இல்லை, மாதக் கணக்கு என்றாள் அண்ணி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ இங்கயே இரு. நான் போய்ச் சொல்லிக்கிறேன்,” என்றாள்.

“வேணாம் அண்ணி. பண்ணது நான். நானே சொல்றேன்.”

முன்னறையில் காவலாளி பையிலிருந்து ஒரு புது ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார். அதன் ஜோடி ஏற்கனவே காலில் இருந்தது. சின்னவள் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாளைக்குக் கால் வராது. தன் தவறு. கிடங்கு முதலாளியிடம் தானே வந்து பேசுவதாகவும் சொன்னாள்.

அவர் கோத்த கயிற்றை உருவவில்லை. ஷூவை அப்படியே பைக்குள் போட்டு, ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கி எழுந்தார். சின்னவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். அவர் அவளைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.