நழுவும் பாய்

நோன்பு மாதம் முடிந்த கையோடு வாகிமானுக்கு இடது பக்கம் வாதம் வந்தது. பெரிய வாதம் இல்லை. பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் சொன்னதைத் தாமதமாகக் கேட்டது. லாரி ஓட்டுகிறவருக்கு அது ஆகாது. கிளட்ச் அந்தக் காலில்தான் இருக்கிறது.

செமாராங் நகரத்தில் எங்கள் சந்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வாகிமான் மறுத்துவிட்டார். அவர் காலை இழுத்து நடப்பதைச் சந்தே வேடிக்கை பார்க்குமாம்.

பாத்தாம் தீவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போன மகள் எர்னி, வீடியோ கேம் பெட்டியையும் ஒரு நடனப் பாயையும் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாள். ரெக்ஸின் போல மெத்தென்ற பாய், நாலு பக்கமும் அம்புக்குறி. டிவியில் பாட்டு ஓடும். திரையில் எந்த அம்பு மேலே ஏறி வருகிறதோ, பாயில் அதே அம்பை உடனே மிதிக்க வேண்டும். வாகிமான் கதவைச் சாத்திக்கொண்டு ஆடத் தொடங்கினார்.

அவர் மனைவி துமினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரை அவள் மாஸ் என்றும், அவளை அவர் தெக் என்றும்தான் கூப்பிடுவார்கள். "என்ன மாஸ், இந்த வயசுல டிஸ்கோவா?"

"டிஸ்கோ இல்ல தெக். கிளட்ச்."

அந்த வாரமே விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது டிவி மேசையில் இடுப்பு இடித்து, தரையில் உட்கார்ந்திருந்தார். பாய் சுருண்டு பீரோவுக்கு அடியில் கிடந்தது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"கால் சரியான இடத்துக்குத்தான் போச்சு. பாய்தான் போயிடுச்சு" என்றார் என்னிடம்.

ஓரங்களில் பிளாஸ்டிக் டேப் ஒட்டிப் பார்த்தார். இரண்டு பாட்டுக்குள் பிய்த்துக்கொண்டது. நாலு மூலையிலும் அரிசிப் பையை வைத்தார். மூலைகள் நின்றன, நடுப்பகுதி மடிந்து காலில் சிக்கியது. ஈரத்துணியை அடியில் விரித்தபோது முன்னைவிட வேகமாக வழுக்கியது. அன்றும் விழப் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பினார். கோபம் தரைமேல் திரும்பியது.

துமினியின் தரை சந்தில் பேர்போனது. வாசனை எண்ணெய் கலந்த சோப்புத் தண்ணீரால் காலையிலும் மாலையிலும் துடைப்பாள். அந்த டைல்ஸில் முகம் பார்க்கலாம்.

"இது வீடா, மீன்கடைப் பனிக்கட்டியா?" என்று கத்தினார் வாகிமான். "ஆளைக் கொல்லவா இப்படிப் பளபளன்னு வெச்சிருக்கே?"

"கல்யாணமான நாள்லேருந்து இதே தரையிலதான நடந்தீங்க? அப்பல்லாம் நல்லா இருந்த தரை இப்ப கெட்டுப்போச்சா?"

சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் அது கேட்டது. மதியம் வறுத்த சோயா டெம்பேயும் சோறும் அவர் தொடாமல் மூடியபடியே இருந்தன என்று துமினி பிறகு என் மனைவியிடம் சொன்னாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெந்நீரில் சலவைத்தூளைக் கரைத்து, டிவிக்கு முன்னால் குத்தவைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை தேய்த்து, அலசி, உலர விட்டாள். அந்த இடம் மட்டும் மங்கிப்போனது. பிறகு டயர் கடைக்குப் போய்ப் பழைய டியூபை வாங்கி வந்து, நீளவாக்கில் வெட்டி விரித்தாள். என்னிடம் பழைய கட்டிலின் அகலமான பலகை ஒன்று இருந்தது. ரப்பர்மேல் அதை வைத்து, பாயை இழுத்து விரித்தோம்.

"ஓரத்துல மட்டும் ஆணி அடிங்க, பாக்" என்றாள் என்னிடம். "உள்ள ஒயர் ஓடுது. அது செத்துப்போனா எர்னி என்னைக் கொன்னுடுவா."

வாகிமான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமலே எழுந்து வந்தார். மனைவியின் தோளைப் பிடித்துப் பலகைமேல் ஏறி, இடது காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். பலகை அசையவில்லை. தோளை விட்டார்.

"இனிமே தரைமேல பழி போட முடியாது" என்றாள்.

"முடியாது" என்றார் அவர். "கால்மேலதான் போடணும்."

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்கச் சுவரில் தட்தட்டென்று சத்தம். முதலில் இடது மிதி பிந்தி வரும். எங்களுக்கே அந்தத் தாளம் பழகிவிட்டது. போகப்போக எந்த மிதி இடது, எந்த மிதி வலது என்று பிரிக்க முடியாமல் போனது.

டாக்டர் ஓட்டலாம் என்றதும் முதலாளி ஹெர்மானிடம் போனார். ஹெர்மான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஷெட்டைச் சுற்றி ஓட்டச் சொன்னார். வண்டி ஒருமுறைகூட நின்றுபோகவில்லை. திரும்பும்போது ஒரு தடவை மட்டும் கியர் கரகரத்தது. ஹெர்மான் அதைக் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து வாகிமான் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார். "சுரபாயாவுக்குப் போற தூர ஓட்டம் இனி கிடையாது. ஊருக்குள்ள மாவு மூட்டை. சின்ன வண்டி."

"அப்ப தினமும் ராத்திரி வீட்டுக்கு வந்துடுவீங்க."

"வரணும்."

கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு மாதம்கூட அவர்களுக்கு வாய்த்ததில்லை. துமினி சோற்றைத் தட்டில் போட்டாள்.

"மாவு ஒட்டின சட்டையோட உள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"சரி" என்றார் வாகிமான். உட்கார்ந்து சாப்பிட்டார்.