மூன்று தட்டு

கசூபா கடப்பாரையின் நுனியால் சுரங்கத்தில் தலைக்கு மேலிருந்த பாறையை இடித்துப் பார்த்தான். 'கிண்' என்றது. இரண்டு எட்டு தள்ளி இடித்தான். அங்கேயும் 'கிண்'. மூலையில் போய் இடித்தபோது, உள்ளே அழுகின பூசணிக்காயைத் தட்டின மாதிரி 'தொப்'பென்று கேட்டது.

"மூலை சரியில்ல" என்றான்.

"போன வாரமும் இதத்தான் சொன்னே" என்றான் ஜெரே. துளைபோடும் எந்திரத்துக்குக் காற்றுக்குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"போன வாரமும் முட்டு வரலையே."

மூலையில் கூரையைத் தாங்கி ஒரே ஒரு தைலமர முட்டு நின்றது. நடுவில் பிளந்திருந்தது. பிளவைக் கம்பியால் சுற்றிக் கட்டியது கசூபாதான். புது முட்டு கேட்கும்போதெல்லாம் சுரங்கத்து மேலதிகாரி கேப்டன் முவம்பா, "ஏத்தியாச்சு, வந்துட்டே இருக்கு" என்பார். லாரி எந்த ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறதோ தெரியவில்லை.

அன்று காலையும் ஆட்களை ஏற்றிய கூண்டு கீழே இறங்கியதும் வழக்கம்போல ஜெபம் நடந்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். கசூபா தொப்பியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாமி இல்லையென்று அவன் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை என்பான், அவ்வளவுதான்.

"தலையக் குனிஞ்சா என்னடா, குரங்கு தின்னி? கழுத்து சுளுக்கிக்குமா?" என்று ஜெரே அப்போது கேட்டான்.

"எல்லாருமே குனிஞ்சிட்டா மேல யாருடா பாக்கறது, எலி தின்னி?"

கசூபா பெம்பா இனத்தான். ஜெரே கிழக்கிலிருந்து பிழைக்க வந்த ங்கோனி இனத்தான். ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு ஓய்ந்த ஜனங்கள் என்பதால் இரண்டு பேரும் எங்கே பார்த்தாலும் ஒருவரையொருவர் வைய வேண்டும், அது முறை. சாவு வீட்டில் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் வைவார்கள். கோபித்துக்கொள்கிறவன்தான் கெட்டவன்.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் முட்டு முறிந்தது. முதலில் கம்பி அறுகிற சத்தம் கேட்டது. கசூபா ஜெரேயின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தான். மூலை மொத்தமும் இறங்கியது. புழுதி அடங்கினபோது வந்த வழி இல்லை. இரண்டு பேர் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு ஒரு பொந்து மட்டும் மிச்சமிருந்தது. ஜெரேயின் கெண்டைக்காலில் சதை கிழிந்து ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கசூபா தன் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். ஒரு விளக்கை அணைத்து, ஒன்றை மட்டும் எரியவிட்டான்.

கையெட்டும் தூரத்தில் காற்றுக்குழாய் நசுங்காமல் ஓடியது. ஒரு கல்லை எடுத்து அதில் மூன்று தட்டு தட்டினான். சுரங்கத்தில் அது ஒரு சட்டம். மூன்று தட்டு கேட்டவன், என்ன வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு மூன்று தட்டு திருப்பித் தட்ட வேண்டும். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினான்.

ஜெரே ஜெபம் பண்ணத் தொடங்கியிருந்தான். முதலில் தன் கோயில் ஜெபம், பிறகு அம்மாவின் சபையில் சொல்கிறது, பிறகு எப்போதோ ஒரு கல்யாணத்துக்காகப் போன வேறு ஏதோ சபையில் கேட்டது.

"எந்தக் கதவு திறக்குதோ" என்றான் நடுவில்.

கசூபா தட்டினான், கேட்டான், தட்டினான். இடையில் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"நீயும் ஜெபம் பண்றே!"

"இல்லடா."

"உதடு அசையுது. நான் பாத்துட்டேன்."

"காலத் தூக்கி என் மடியில வை. ரத்தம் நிக்கட்டும்."

"வெக்கப்படாத மச்சான். மேல போனா நான் உனக்காகப் பேசறேன். ஐயா, இவன் பெம்பா, காட்டுல வளந்தவன், இவனுக்கு ஒண்ணும் தெரியாது, மன்னிச்சு உள்ள விடுங்கன்னு."

கசூபாவுக்குச் சிரிப்பு வந்தது. புழுதி தொண்டையில் ஏறி இருமினான்.

"பயமா இல்லியா உனக்கு?"

"இருக்கு" என்றான் கசூபா. மறுபடி தட்டினான்.

ஜெரே சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தபோது குழாய்க்குள் யாரோ எங்கிருந்தோ மூன்று தட்டு தட்டினார்கள்.

*

ஊரே அதைத்தான் பேசியது. ஜெரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தான். பிழைத்ததைவிட, சாமியில்லாதவன் சாகப் போகிற நேரத்தில் ஜெபம் பண்ணினான் என்பதுதான் பெரிய சேதியாகிவிட்டது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் கசூபாவின் மனைவி எஸ்னாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். எத்தனை வருஷம் அவனுக்காக வேண்டியிருப்பாள்.

கேப்டன் முவம்பா சர்க்கரையும் எண்ணெயும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பந்து மைதானத்துல ஸ்தோத்திரக் கூட்டம். கம்பெனி செலவு. நீ சாட்சி சொல்றே."

"ஜெரே சொல்லட்டும் சார். அவன்தான் ஜெபம் பண்ணான்."

"ஜெரே பண்ணா அதுல என்ன அதிசயம்? நீ பண்ணதுதான் அதிசயம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "விபத்து விசாரணை ஆபீசரும் வர்றாரு. பாறை விழுந்தது ஆண்டவன் செயல், காப்பாத்தினதும் ஆண்டவன் செயல். மைக்குல இதச் சொன்னாப் போதும். வேற எதையும் இழுக்க வேணாம்."

கேப்டன் எழுந்தார். வாசலில் நின்று, "உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதில்ல?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"பாத்துக்கலாம்."

சாயங்காலம் எஸ்னாத் களி கிண்டினாள். கசூபா சட்டியைப் பிடித்துக்கொண்டான். கீரைக்கு நிலக்கடலையை இடித்துப் போட்டிருந்தாள். அந்த வாசனைக்கே அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. வெளியே மகள் சோலா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"சோலா அப்பா, ஒண்ணு கேக்கறேன். கோவிக்காம சொல்லு. ஜெபம் பண்ணியா?"

"இல்ல."

துடுப்பு நின்றது. பிறகு மறுபடி சுற்றியது. "அப்ப உதடு?"

"அன்னிக்குக் காலைல நெத்திலி வாங்கிட்டு வரச் சொன்னேல்ல? மொத நாளும் மறந்துட்டேன். அன்னிக்கும் வாங்கப் போறதில்லன்னு ஆயிடுச்சு. நீ என்ன கேப்பே, நான் என்ன சொல்லலாம்னு பேசிப் பாத்துட்டிருந்தேன்."

"அந்த நேரத்துலயா?"

"வேற யாருகிட்ட பேசறது?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு துடுப்பைப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சரி, நான் என்ன சொன்னேன்?"

"கடைசி வரைக்கும் கதவத் திறக்கல நீ."

"ஆண்டவர்கிட்ட கேட்டிருந்தா சுளுவா விட்டிருப்பாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் அப்படி விடறவளா?" களியை உருட்டித் தட்டில் வைத்தாள். வழக்கத்தைவிடப் பெரிய உருண்டை. "மைக்குல என்ன சொல்லப் போறே?"

"தெரியல. பொய் சொன்னா உனக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும்" என்றாள் அவள்.

*

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பாதிக்குமேல் பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி. ஓரத்தில் பெரிய பானைகளில் கோழி வெந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் கேப்டனும் விசாரணை ஆபீசரும் மெத்தை நாற்காலியில் இருந்தார்கள். ஜெரே ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தன் ஷிஃப்ட் ஆட்களோடு உட்கார்ந்திருந்தான்.

"வாடா, குரங்கு தின்னி. குளிச்சிட்டு வந்திருக்கே. ஆண்டவனுக்கே அடையாளம் தெரியாது."

கசூபா பந்தல் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தைலமரம். பட்டை உரித்து வழவழவென்று, ஒரு முடிச்சுகூட இல்லாமல், ஒரே பருமன். இன்னும் பச்சை வாசனை போகவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் சுரங்க முட்டுகளுக்குப் போடும் சிவப்பு முத்திரை இருந்தது. ஜெரே அவன் பார்க்கிற பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு அவனும் கேலி பேசவில்லை.

போதகர் பெயர் சொல்லி அழைத்தார். கசூபா மைக்குக்கு முன்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினது ஒலிபெருக்கியில் கேட்டது.

"நான் ஜெபம் பண்ணல" என்றான்.

கேப்டன் கால் மேலிருந்த காலை எடுத்தார்.

"என் வீட்டுக்காரி நெத்திலி வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தா. மறந்துட்டேன். அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கெக்கலித்தாள், கூட்டமே சிரித்தது. எஸ்னாத் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "அதுவும் ஜெபந்தான்! அதுவும் ஜெபந்தான்!" என்று போதகர் கையை உயர்த்தினார். கேப்டன் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கை தட்டினார்.

கசூபா மைக்கை விட்டு நகரவில்லை. பக்கத்திலேயே ஒரு பந்தல் கால் இருந்தது. அதை அண்ணாந்து உச்சிவரை பார்த்தான். பிறகு விரலை மடக்கி அதில் மூன்று தட்டு தட்டினான். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. நல்ல கட்டை.

ஜெரேயின் ஊன்றுகோல் நாற்காலிக் காலில் மூன்று தட்டு தட்டியது. அவன் பக்கத்தில் இருந்தவனின் பூட்ஸ் பலகையில் தட்டியது. அடுத்த வரிசையில், அதற்கடுத்த வரிசையில், கடைசியில் பானை கிளறிக்கொண்டிருந்த பழைய சுரங்கக்காரன் கரண்டியால் பானை விளிம்பில். தட்டினவர்கள் எல்லோரும் பந்தல் கால்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் கை தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அல்லேலூயா!" என்றார் போதகர். பாட்டுக் குழு அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கியது. விசாரணை ஆபீசர் பக்கத்திலிருந்தவரிடம், நம் ஆட்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லித் தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் போதகர் ஜெபிக்கலாம் என்றார். ஆபீசர் கண்ணை மூடினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். எஸ்னாத் தன் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். கசூபா போய் உட்கார்ந்து மேலே பார்த்தான். அத்தனை புது முட்டுகளும் சேர்ந்து ஒரு துணியைத் தாங்கிக்கொண்டு நின்றன. காற்று வந்தபோது துணி லேசாக ஏறி இறங்கியது.