மயிலம்மாள் சாமி கும்பிடவில்லை

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டேன். அது சுத்தப் புளுகு. அந்தப் புளுகால் மலேசியாவில், லிங்கிப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையொன்றில் மயிலம்மாள் என்பவருக்கு வேலை போகப்போகிறது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை.

2

முதல் தொடக்கம்: 'ஆலையின் இரும்பு நெஞ்சுக்குள் ஒரு பக்தையின்…' (தூ!)

இரண்டாம் தொடக்கம்: 'வெற்றிடம் என்பது உண்மையில்…' (தத்துவம் பேச வந்துவிட்டான்.)

விஷயம் இவ்வளவுதான். பிழிந்த எண்ணெயில் ஈரம் இருக்கும். உலர்த்தும் தொட்டிக்குள்ளிருந்து காற்றை இழுத்துவிட்டால் குறைந்த சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். இழுப்பது எஜெக்டர். குறுகிய மூக்கு வழியாக நீராவியைப் பாய்ச்சினால் அது காற்றையும் அள்ளிக்கொண்டு போகும்.

[அடிக்குறிப்பு: எஜெக்டருக்குள் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஓயாமல் ஆவி தின்னும். மேலாளர்களுக்கு ஏன் அதைப் பிடிக்கும் என்று இப்போது புரிகிறது.]

3

நீலாய் நகரத்திலிருந்து காரில் வரும் எஞ்சினியர் ரவிச்சந்திரன் 'எரிசக்திச் சிக்கனத் திட்டம்' ஒன்றைக் கொண்டுவந்தார். தொட்டியைக் கவனிக்கும் மயிலம்மாள் அவரிடம் சொன்னது ஒரே வரி.

"சார், காத்து பத்தல லா."

ஆலையில் யாரைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வார்கள்: இழுவை போதவில்லை, எங்கோ ஓட்டை. படித்த மனிதரோ ஆவிதான் போதவில்லை என்று புரிந்துகொண்டு, சும்மா கிடந்த இரண்டாவது எஜெக்டரையும் திறக்கச் சொன்னார். சிக்கனத் திட்டத்தின் முதல் சாதனையாக ஆவிச் செலவு இரண்டு மடங்கானது.

மயிலம்மாள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, குழாய் மூட்டு ஒவ்வொன்றின் அருகிலும் காட்டிக்கொண்டே போனார். (முதல் கதையில் 'போனாள்'. மரியாதைகூட அப்போது தோன்றவில்லை எனக்கு.) தொட்டி மூடியின் ஓரத்தில் புகை சட்டென்று உள்ளே இழுபட்டது. அங்கே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றியதும் ஒரே எஜெக்டர் போதுமென்றாகிவிட்டது.

4

அந்த நேரம் பார்த்து ஆலையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத நான் போயிருந்தேன். தூரத்தில் நின்று பார்த்தேன். கிட்டப் போய் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டால் கதை கெட்டுவிடுமே! 'தினமும் இயந்திரத்துக்குக் கற்பூர ஆரத்தி எடுக்கும் தாய்' என்று எழுதினேன். கற்பூரம் என் கைச்சரக்கு. 'தினமும்' என்பதும் அப்படியே. படித்தவர்கள் உருகினார்கள்.

மேலிடம் உருகவில்லை. வேலை நேரத்தில் பூசை, அனுமதியில்லாமல் நெருப்பு என்று மயிலம்மாளுக்குக் கடிதம் வந்தது. ஆதாரமாக இணைத்திருந்தது என் கட்டுரையை. மிச்சமான ஆவிக்குப் பாராட்டுச் சான்றிதழ் ரவிச்சந்திரன் பெயருக்குப் போனது.

5

இன்று மாலை மயிலம்மாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊதுபத்தின்னா சாமிதானா சார்? புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க வேற என்னத்தக் கொளுத்துவாங்க?"

"மன்னிச்சிடுங்கம்மா. அடுத்த மலர்ல ஒரு திருத்தம்…"

"உங்க திருத்தம் வர்றதுக்குள்ள என்னை அனுப்பிடுவாங்க லா. பதினெட்டு வருசமா அந்த மெஷின்கிட்ட நிக்கறேன். நாளைக்கு வந்து, 'நான் பாத்தது ஒரு தடவ, மத்தது நானா சேத்தது'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

வருகிறேன் என்றேன். ஆலையின் ஐம்பதாண்டு நிறைவு நூலை எழுதும் வேலையும் என்னிடம்தான் வருவதாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

6

முடிவு அ: நான் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன். மயிலம்மாள் கைகூப்பி… (வெட்கமாயில்லை? உடனே உன்னைக் கும்பிட வைக்கிறாயே!)

முடிவு ஆ: எனக்குத் திடீரென்று காய்ச்சல்…

முடிவு இ: மேலிடமே மனம் மாறி… (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

'நாளை' என்று தொடங்கினேன். இப்போது விடிந்து மணி ஒன்பது இருபது. ஆலைக்கு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். மயிலம்மாள் இரண்டு முறை போன் அடித்துவிட்டார். நானோ பனியனோடு உட்கார்ந்து நல்ல கடைசி வரி தேடிக்கொண்டிருக்கிறேன். இப்படியும் ஒரு பிழைப்பு!

நீங்கள் படிக்க இன்னும் வரி இருக்கிறதென்றால் நான் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். ஆகவே மயிலம்மாளுக்கு நான் செய்யக்கூடிய உதவி ஒன்றே ஒன்றுதான், இந்த வாக்கியத்தை இப்படியே பாதியில்