எண்கையன் சாகும் காட்சி

“நான் சாகுற அழகைப் பார்த்து, சாகச் சொன்ன டைரக்டரே என் காலைப் பிடிச்சுக் கெஞ்சப்போறாரு பாரு,” என்றார் மாமா.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவு மேசையில் இருந்த மச்சான் நிமிரக்கூட இல்லை. அக்காவைக் கட்டிய நாள் முதல் மாமா விட்ட சரடுகளை முறுக்கினால் நாலு கப்பலைக் கட்டி இழுக்கலாம்.

“அப்படி நடந்தா என் காதை அறுத்து உங்க கையில தரேன், மாமா.”

“ஒலிப்பதிவுக்காரன் காது. நல்ல விலைக்குப் போகும்.”

மாமாவின் ஒரே உருப்படியான பிழைப்பு எண்கையன்தான். ஒரு வீடியோ கேமின் ஆறு பாகங்களிலும் கடலில் வழிமறிக்கும் ராட்சத ஆக்டோபஸ். வாய் கிழியப் பேசும், செமத்தியாக அடி வாங்கும், “வேலை இருக்கு, அப்புறம் வரேன்” என்று நழுவிவிடும். மாமா வாய் நிறையத் தண்ணீரோடு கொப்பளித்துக்கொண்டே அதற்குக் குரல் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கு, கட்டடத்தின் வறண்ட குழாய்கள் எல்லாம் தண்ணீர் வந்துவிட்டதாக நம்பி இருமும்.

ஏழாம் பாகத்தில் எண்கையனைத் தீர்த்துக்கட்டுவதென்று புது டைரக்டர் முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு மாமாவுக்கு மிச்சம், லிஃப்டில் “கதவு மூடுகிறது” சொல்லும் வேலைதான்.

வசனத்தாளில் ஒரே ஒரு ‘ஆ’. மாமா இடது கையால் நெஞ்சில் தட்டி இதயத்துடிப்பை ஒலிக்கவிட்டார். கூரை அதிர ஓர் ‘ஆ’. கை நின்றது.

“ஒண்ணு நின்னுடுச்சு,” என்றது எண்கையன். கை மறுபடி தட்டத் தொடங்கியது.

“ஒண்ணுன்னா?” என்றார் மச்சானின் பக்கத்தில் இருந்த டைரக்டர்.

மாமா தண்ணீரை விழுங்கினார். “ஆக்டோபஸுக்கு மூணு இதயம், தம்பி.”

மச்சான் கைபேசியில் தேடினான். பாழாய்ப்போன பிராணிக்கு உண்மையிலேயே மூன்று இருந்தன.

இரண்டாவது இதயம் நிற்பதற்குள் மாமா ஒவ்வொரு கையிடமும் விடைபெற்றார். “முதல் கையே, நீ அடிச்சதைவிட வாங்கினதுதான் அதிகம்... எட்டாவது கையே, உன்னை நாலாம் பாகத்துலயே வெட்டிட்டாங்க. வலிச்சுது. வெளிய சொல்லிக்கல.”

டைரக்டர் மூக்கை உறிஞ்சினார். “வெட்டினது நான்தாங்க. ஸ்கூல்ல படிக்கிறப்ப, பரீட்சைக்கு முதல் நாள் உக்காந்து கேம் ஆடி வெட்டினேன்.”

“ரெண்டும் போச்சு,” என்றது எண்கையன். நெஞ்சில் தட்டு தளர்ந்தது. “மூணாவதையும் நிறுத்திடவா, தம்பி?”

டைரக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். கையைப் பிடித்தால் துடிப்பு நின்றுபோகும். அதனால் வேறு வழியில்லாமல் காலைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்க சார். வேலை இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடச் சொல்லுங்க.”

மாலையில் காப்பி இயந்திரத்தைச் சுற்றி நின்றவர்களிடம் மாமா இதைச் சொல்லி முடித்தபோது, டைரக்டர் தேம்பியதில் தரை நனைந்து இரண்டு பேர் வழுக்கி விழுந்திருந்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

மச்சான் காதைத் தடவிக்கொண்டான்.

“யாரும் வழுக்கி விழல,” என்றான். “ஆனா காலைப் பிடிச்சாரு. ரெண்டு கையாலயும்.”