எப்போதும் ஐம்பத்தைந்து

சி மொழி செய்முறைத் தேர்வு. ஒன்றிலிருந்து நாம் கொடுக்கும் எண் வரை கூட்டிச் சொல்லும் புரோகிராமை மாணவி எழுதி முடித்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பத்து என்று தட்டினார், ஐம்பத்தைந்து வந்தது. இருபது தட்டினார், அதே ஐம்பத்தைந்து. உள்ளே திரும்பத் திரும்பக் கூட்டுகிற லூப்பே இல்லை, எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஐம்பத்தைந்து என்று காட்டுகிற ஒரு வரிதான்.

"என்னம்மா இது?"

"எப்பவும் பத்துதான் சார் கேப்பாங்க. மேடம் இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

எக்ஸாமினர் மதிப்பெண் தாளை எடுத்தார். பக்கத்தில் நின்ற கல்லூரித் துறைத் தலைவர் அவர் தோளில் கைபோட்டுக் குழைந்தார்.

"பாஸ் போட்டுடுங்க சார். அடுத்த மாசம் நம்ம லேபுக்கே டீச்சரா வரப்போற பொண்ணு."

பூஜ்யம் போடலாமா என்று அதுவரை தயங்கியவர், ஒரே இழுப்பில் வட்டத்தைப் போட்டார். பிறகு, கைபட்ட தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.