போல்ட்டுக்கு ஒரு புதுத் தலை

1

இந்தக் கதை பெங்களூரில் எங்கள் மல்லேஸ்வரம் வீட்டு பால்கனியில் கிடைத்தது. புறாத் தொல்லைக்கு கிரில் அடிக்க வந்த வெல்டர், காபி ஆறுவதற்குள் ஒரு வித்தையைச் சொன்னார். கார் இன்ஜினுக்குள் தலை உடைந்து மாட்டிக்கொண்ட போல்ட்டை எப்படி வெளியே எடுப்பது?

"உள்ள மாட்டினதுக்குப் பிடி கிடையாதும்மா. அது மேல ஒரு நட்ட வெச்சு, ஓட்டை வழியா வெல்டிங் அடிக்கணும். அதுக்குப் புதுசா ஒரு தலை முளைச்ச மாதிரி. அப்புறம் ஸ்பானர் போட்டுத் திருப்பினா வந்துடும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கதையில் உங்களைப் போட்டுக்கொள்ளலாமா, பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன். "ஓஸ்வால்ட்னு வைங்க. ரொம்ப நாள் ஆசை" என்றார். வைத்துவிட்டேன். மற்றவர்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

உடைந்தது போல்ட் மட்டுமல்ல— (வேண்டாம். இப்படி ஆரம்பித்த எதையும் நான் முடித்ததில்லை.)

ஜோகுபாளையத்தில் அன்று மழை— (வெல்டிங் கதையில் மழையா? ஷாக் அடிக்கும்.)

ஆயுத பூஜையன்று மதியம், மெக்கானிக் பாலகுமார் கும்பிட்டு வைத்த ஸ்பானரைக் கையில் எடுத்தான்.

இது நிற்கும். படித்ததும் பாதிப் பேர் உச்சுக்கொட்டியிருப்பீர்கள். சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்த கருவியை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது என்பது யாருக்குத் தெரியாது?

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் ஆயுத பூஜைதான். என் கணவர் ஸ்ரீகண்டன் காலையிலேயே என் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்துவிட்டார். அவர் தூங்குகிறார், நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் ஏதாவது வாக்கியம் பாதியில் உடைந்தால் காரணம்

3

(பார்த்தீர்களா?)

பாலகுமார் ஏன் ஸ்பானரை எடுத்தான்? மகாவுக்காக.

மகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் கோலார் தங்கவயலில் பிறந்த வீட்டில், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "நீ கார் ஓட்டிட்டு வந்தின்னா நான் மீசைய எடுத்துக்கறேன்." மகாவுக்கு மூக்குக்குமேல் கோபம். "சொந்தக் கார்ல வந்தாதான் இனி இந்த வாசப்படிய மிதிப்பேன்."

ஒரு மீசைக்காக மூன்று வருஷம் அப்பாவைப் பார்க்காமல் இருப்பாளா? இந்த இடத்தில் எனக்கே மகாமேல் சந்தேகம் வந்து, அரை மணி நேரம் கதையை மூடிவைத்தேன். அப்புறம் என் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் போய்விட்டது.

இப்போது அவளிடம் ஒரு பழைய சிவப்புக் கார் இருக்கிறது. நாளை விஜயதசமி, பதினொரு மணிக்கு வாசலில் வந்து நிற்பேன் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. இன்று பாலகுமாரின் ஷெட்டுக்கு வந்தது பூஜைக்குத்தான். கழுவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தாயிற்று. அப்போது இன்ஜினில் 'புஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம். புகை போகும் குழாயை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட் லூசு.

"சும்னே, சும்மா ஒரே ஒரு சுத்து குடுத்தேன்க்கா" என்றான் பாலகுமார். கையில் போல்ட்டின் தலை இருந்தது. உடம்பு உள்ளேயே இருந்தது.

"நூறு கிலோமீட்டர் போகலாமா பாலு?"

"போகக்கூடாதுக்கா. நெருப்பா புகை வரும். ஒயரெல்லாம் உருகிடும்."

4

பாலகுமாருக்கு உடனே ஒரு யோசனை. அடுத்த சந்தில் ஓஸ்வால்ட். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய வெல்டிங் செட்டுக்கு இன்று பூஜை கிடையாது!

ஓடினான். வெல்டிங் செட் சாமந்தி மாலைக்குள் இருந்தது. நெற்றி நிறையக் குங்குமம்.

"என்னண்ணா இது?"

"கரண்டோட விளையாடற தொழில் மச்சா. யாரையும் விட்டுவைக்க முடியாது. வருஷா வருஷம் போடறேன்." காரையும் வந்து பார்த்தார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எடுக்கறேன். இன்னிக்கு ஆகாது. எடுத்த உன் கதி என்னாச்சு?"

இரவு முழுவதும் மூன்று பேரும் என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கலாம். எனக்குக் காலை ஆறு மணி வேண்டும், தாவிவிடுகிறேன்.

[பின்னால் சேர்த்தது: காலையில் முதல் வேலையாக பாலகுமார் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தான். ஏன் என்பது ஐந்தில் வரும்.]

5

குழாயைக் கழற்றி ஒதுக்கினார்கள். உடைந்த போல்ட் ஓட்டையின் விளிம்போடு விளிம்பாகக் கிடந்தது. அதன்மேல் நட்டை வைத்துப் பிடித்தார் ஓஸ்வால்ட். சுற்றியிருப்பது அலுமினியம். இந்த வெல்டிங் அதில் ஒட்டாது, போல்ட்டில் மட்டும்தான் ஒட்டும். வித்தையே அங்கேதான் இருக்கிறது.

முகமூடியை இறக்கினார். மறுபடி ஏற்றினார். சத்தியமாக இதை நான் எழுதவில்லை, அவராகவே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பேட்டரிய கழட்டினீங்களா?"

பாலகுமார் மகாவைப் பார்த்தான். மகா என்னைப் பார்த்தாள்.

"கழட்டாம நான் அடிச்சா காரோட கம்ப்யூட்டர் போயிடும். அப்புறம் அந்தப் பொண்ணு எப்படி வீட்டுக்குப் போகும்? போய் எழுதிட்டு வாங்க."

போய் எழுதிவிட்டு வந்தேன்.

முதல் நட். பளீரென்று நீல வெளிச்சம். ஸ்பானர் போட்டதும் நட் மட்டும் கழன்று கையோடு வந்தது.

இரண்டாவது நட். கால் சுற்று திரும்பியது, மகா கைதட்டினாள், திரும்பியது நட் மட்டும்தான் என்று

மணி ஏழு பத்து. எட்டரைக்குக் கிளம்பாவிட்டால் பதினொன்று கிடையாது.

மூன்றாவது நட். ஓஸ்வால்ட் இந்த முறை அவசரப்படவில்லை, ஓட்டை நிரம்பி வழியும்வரை அடித்தார். சிவந்திருந்தது மெல்லக் கறுத்தது. "யாரும் தொடாதீங்க. ஆறட்டும்."

6

அந்த நேரம் பார்த்து மகாவின் அம்மா போன் செய்தார். இதையும் நான் திட்டமிடவில்லை.

"கெளம்பிட்டியாடி? உங்கப்பா நேத்து சாயங்காலமே வாசல்ல ரெண்டு கல்ல வெச்சு எடம் புடிச்சுட்டாரு, உன் கார் நிறுத்த. பக்கத்து வீட்டு கில்பர்ட் பைக்க விட வந்தான், சண்டைக்குப் போயிட்டாரு. இப்ப சவரம் பண்ணிட்டு உக்காந்திருக்காரு. மீசைய மட்டும் விட்டுவெச்சிருக்காரு. நீ வந்ததும் எடுக்கணுமாம். தண்ணி ஆறிடுச்சு, ரெண்டாவது தடவை சுட வெச்சுக் குடுத்திருக்கேன்."

மகா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் நட் பிடிக்கிறது. இன்னொன்றில் அதுவும் கழன்றுவிடுகிறது, மகா தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலில் போய், அந்த இரண்டு கல்லுக்கு நடுவே நடந்து வீட்டுக்குள் நுழைகிறாள். அப்பாவின் மீசை அப்படியே இருக்கும். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. முதலாவதை எழுதவோ பயமாக இருக்கிறது. நான் பொட்டு வைத்த லேப்டாப்பைத் தொட்டவள். என் கை பட்டு உடைந்தால்?

நீங்கள் இன்று எதையும் தொடவில்லை அல்லவா?

நட் ஆறிவிட்டது. ஸ்பானரை மாட்டி வைத்திருக்கிறேன், நீங்களே திருப்புங்கள். ஒரேயடியாகத் திருப்பாதீர்கள் என்கிறார் ஓஸ்வால்ட். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, மறுபடி இடது. உள்ளே துரு 'கிரீச்' என்று விடும்போது கையில் தெரியுமாம்.

தங்கவயலில் தண்ணீர் மறுபடி ஆறிக்கொண்டிருக்கிறது. இடது பக்கம்.